கோப்புகளுக்கு ஒரு பொதுப் பேழை

ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் ஒரு காகிதத் துண்டு மனித வாழ்வையே நிருணயித்த காலம் ஒன்று இருந்தது. ‘துண்டு’ என்பதே அதன் பெயருமாயிற்று. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பிய தொழிலாளி, தன் கடன் விவரம் எழுதப்பெற்ற அத்துண்டினைப் பெற்ற பின்னரே பெயர்ந்து செல்ல இயன்றது. 1921 ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை ஒழித்தது. ஆயினும் காகிதத்தின் ஆட்சி அதனோடு ஒழிந்துவிடவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1949 இல் வந்த சட்டமோ, இந்நாட்டில் இடையறாது வசித்தமைக்குச் சான்று காட்டுவோர்க்கே குடியுரிமை என்றது. பிறப்புப் பதிவும் பெயர்ப்பதிவும் கையிலில்லாத குடும்பங்கள் பட்ட அல்லலை மலையகம் நன்கறியும். 2003 ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் வரையில் அவ்வல்லல் ஏதோவொரு வடிவில் நீடித்தது. ஏட்டைப் பேணுதல் என்பது இம்மக்களுக்கு வெறும் அலுவலக வேலையன்று என்பதற்கு இவ்வரலாறே சான்றாகும்.

இன்று ஏடுகள் கணினிக்குள் புகுந்துவிட்டன. புகுந்ததனால் இடர் தீர்ந்ததா எனின், இல்லை. பதுளையிலோ பசறையிலோ நான்கு கணினிகள் உள்ள ஓர் அலுவலகத்தைக் கருதுக. ஒரே பெயர்ப்பட்டியல் நான்கு கணினிகளிலும் நான்கு விதமாக இருக்கக்கூடும். ஒன்றில் திருத்தப்பட்ட பெயர் மற்றொன்றில் திருத்தப்படாமற் கிடக்கும். ஒரு கணினி பழுதுற்றால் அதிலிருந்த பிரதியும் அதனோடு போய்விடும். எல்லோரும் திறந்து பார்க்கவும், உரியவர் மட்டும் திருத்தவும் கூடிய ஒரே பேழையில் கோப்புகளை வைத்தலே இதற்கு வழி. அத்தகைய பேழையாகப் பணியாற்றும் கணினியைக் கோப்புச் சேவையகம் என்பர். யுனிக்ஸ் வகைக் கணினி ஒன்றை, விண்டோஸ் கணினிகளுக்குச் சேவையகமாக்கித் தரும் மென்பொருள்களுள் புகழ்பெற்றது ‘சாம்பா’ என்பதாகும்.

சாம்பாவின் பிறப்பு சுவையானது. அவுஸ்திரேலியாவின் தலைநகராகிய கன்பராவில், தேசியப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவராயிருந்த அன்ட்ரூ ட்ரிட்ஜெல், 1991 ஆம் ஆண்டு டிசம்பரில், யுனிக்ஸ் கணினியிலுள்ள கோப்புகளைத் தம் மேசைக் கணினியிலிருந்தே திறக்க விரும்பினார். இரு வகைக் கணினிகளும் பேசும் மொழிகளோ வேறு வேறு. வலையமைப்பிற் செல்லும் செய்திப் பொதிகளை அவர் கூர்ந்து நோக்கினார். இன்ன வினாவுக்கு இன்ன விடை என்று படிப்படியாக அறிந்து, அவ்விடைகளைத் தரும் நிரலைத் தாமே எழுதினார். அயலூர்ச் சந்தையில் நின்று, பேரம் பேசுவோரின் பேச்சைச் செவிமடுத்தே ஒரு மொழியைக் கற்றுக்கொள்வதை இது ஒக்கும். 1992 ஜனவரியில் அந்நிரல் உலகுக்கு வழங்கப்பட்டது. பின்னர் அதற்குப் பெயர் சூட்ட வேண்டிவந்தபோது, அம்மொழியின் பெயரிலுள்ள எஸ், எம், பி என்னும் மூன்று எழுத்துகளையும் கொண்ட சொற்களை அகராதிக் கோப்பில் தேடினார். அகப்பட்ட சொற்களுள் ஒன்று சாம்பா.

சாம்பா திறந்த மூல மென்பொருள். அஃதாவது, நிரலாளர் எழுதிய மூலநிரலை எவரும் பெறலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். இதன் பொருளைத் தேயிலைத் தொழிற்சாலையை அறிந்த நேயர்கள் எளிதில் உணர்வர். கடையில் விற்கும் தேயிலைத்தூளைக் கொண்டு தேநீர் தயாரிக்கலாம். ஆனால் அதனை மீண்டும் கொழுந்தாக்க எவராலும் இயலாது. பணத்துக்கு விற்கப்படும் பெரும்பாலான மென்பொருள்கள் தூளாகவே கைக்கு வருகின்றன. சாம்பாவோ கொழுந்தாகவும் கிடைக்கிறது. அக்கொழுந்தை ஆலையிலிட்டுத் தூளாக்கும் செயலே தொகுத்தல் எனப்படும்.

அச்செயல் மூன்று படிகளில் நடைபெறும். சாம்பாத் திட்டத்தாரின் இணையத்தளத்திலிருந்து மூலநிரற் பொதியைப் பெற்று, அதன் மின்னொப்பத்தைச் சரிபார்த்து விரித்துக்கொண்ட பின், முதற்கண் ‘கொன்ஃபிகர்’ என்னும் கட்டளை இடப்படும். அது கணினியைச் சோதிக்கும். சீ மொழித் தொகுப்பி உண்டா, பைதன் மொழி உண்டா, மறைகுறியாக்கத்துக்கு வேண்டிய நூலகங்கள் உண்டா என வினவிக் குறித்துக்கொள்ளும். ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும்போது, காற்றின் ஈரத்தை அறிந்தன்றோ தேயிலை தயாரிப்பவர் கொழுந்தை வாட்டுகிறார்? இதுவும் அத்தகையதே. ஏதேனும் ஒன்று இல்லையெனில் கட்டளை அவ்விடத்திலேயே நின்றுவிடும். இல்லாத பொருளின் பெயர் பெரும்பாலும் இறுதி வரிகளில் காணப்படும். அதனை நிறுவிவிட்டு மீண்டும் தொடங்குதல் வேண்டும்.

இரண்டாவது படி ‘மேக்’ என்னும் கட்டளை. மூலநிரற் கோப்புகள் ஒவ்வொன்றாக எந்திர மொழிக்கு மாற்றப்பட்டு ஒன்றாக இணைக்கப்படும். பழைய கணினியாயின் இதற்கு நெடுநேரம் ஆகலாம். பொறுமை வேண்டும். மூன்றாவது ‘மேக் இன்ஸ்டோல்’. இது நிருவாகியின் அதிகாரத்தோடு இடப்படுவது. தொகுத்த நிரல்களை அவற்றிற்குரிய அடைவுகளில் இது அமர்த்தும்.

இனி அமைப்புக் கோப்பு எழுதப்படல் வேண்டும். எந்த அடைவு பகிரப்படும், அதன் பெயர் யாது, யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பன அதில் வரிவரியாகக் குறிக்கப்படும். எழுதியதிற் பிழையுளதா எனப் பார்க்க ‘டெஸ்ட்பார்ம்’ என்னும் நிரல் உண்டு. பின்னர், பயன்படுத்துவோர் ஒவ்வொருவருக்கும் யுனிக்ஸ் கணக்கொன்றும் சாம்பாக் கடவுச்சொல்லொன்றும் வழங்கப்படும். இவ்விரண்டில் ஒன்றை மறந்துவிட்டு, கதவு திறக்கவில்லையே எனத் தவிப்போர் பலர். இறுதியாக, கோப்புகளை வழங்கும் நிரலும், வலையமைப்பிற் கணினிப் பெயர்களை அறிவிக்கும் நிரலும் இயக்கப்படும்.

இவ்வளவு உழைப்பும் வேண்டுமா என்று நேயர்கள் வினவலாம். இக்காலத்து லினக்ஸ் தொகுதிகள் பலவும் சாம்பாவை ஆயத்தப் பொதியாகவே தருகின்றன. சாதாரணத் தேவைக்கு அதுவே போதும். எனினும், மிகப் புதிய திருத்தம் உடனே வேண்டும்போதும், பழைய கணினிக்கு ஆயத்தப் பொதி கிடைக்காதபோதும், உள்ளமைப்பைக் கற்க விரும்பும்போதும் தாமே தொகுத்தல் பயன்தரும். பதுளையில் 2005 இல் நிறுவப்பெற்ற ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களிற் பயிலும் இளைஞர்க்கு இதனினும் சிறந்த செய்முறைப் பாடம் அரிது.

தமிழர்க்குச் சிறப்பாக உரிய செய்தி ஒன்றுண்டு. முன்னாளில் கணினிகள் தமிழ் எழுத்துக்கு ஆளுக்கொரு குறிமுறையைக் கையாண்டன. பாமினி எழுத்துருவில் எழுதியது மற்றொரு கணினியிற் பொருளற்ற குறிகளாகத் தோன்றியதைப் பலர் கண்டிருப்பர். 2003 செப்டெம்பரில் வந்த சாம்பா மூன்றாம் பதிப்பு ஒருங்குறியை ஏற்றது. அதன் பின் தமிழிற் பெயரிட்ட கோப்பு இரு வகைக் கணினிகளிலும் தமிழாகவே தோன்ற வழி பிறந்தது. ஆயினும் ஓர் எல்லையுண்டு. யுனிக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றிற் கோப்பின் பெயர் 255 பைட்டுகளைத் தாண்டலாகாது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். ‘ணி’ என்பது மெய்யுருவும் உயிர்க்குறியுமாக இரு குறிகளாதலின் ஆறு பைட்டுகளாகும். எனவே 85 குறிகளுக்குள் பெயர் அடங்குதல் வேண்டும்.

காவலும் இன்றியமையாதது. 2017 மே மாதத்தில் ‘வன்னக்ரை’ என்னும் தீநிரல், விண்டோஸ் கணினிகளின் கோப்புப் பகிர்வு வழியே உலகெங்கும் பரவிற்று. அதே மாதத்தில் சாம்பாவிலும் ஒரு குறை கண்டறியப்பட்டுத் திருத்தம் வெளியிடப்பட்டது. திருத்தங்களைத் தாமதமின்றி ஏற்றலும், கோப்புப் பகிர்வுக்குரிய 445 ஆம் இலக்க வாயிலை வெளி இணையத்துக்குத் திறவாதிருத்தலும், பழைய முதற்பதிப்பு மொழியைக் கைவிடுதலும் கடமைகளாகும்.

அனைத்தினும் முக்கியமானது ஒன்று: பொதுப் பேழை வேறு, காப்புப் பிரதி வேறு. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள், பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிரும் உடைமையும் ஒருங்கே புதைந்தன. பேழை ஒன்றே இருந்து, அதுவும் அதே மலைச்சரிவில் இருக்குமாயின், அதனாற் பயனென்ன? ஆகவே சேவையகத்திலுள்ள கோப்புகளை நாள்தோறும் நகலெடுத்து, ஒரு பிரதியைத் தொலைவிலுள்ள வேறோர் ஊரில் வைத்தல் வேண்டும். வைத்ததை அவ்வப்போது திறந்து பார்த்தலும் வேண்டும். அவ்வாறு பேணப்பெறும் பட்டியலில், தன் பாட்டனின் பெயரைத் தேடிவரும் ஒரு பேரன் அதனைப் பிழையின்றித் தமிழிற் காண்பானாயின், தொகுக்கச் செலவிட்ட நேரம் வீணாகவில்லை எனலாம்.