வெல்டிங் செட்டுக்கு ஒரு வண்டி... நீங்களே செய்யலாம்!

'எங்கள் வீட்டில் அப்பா வாங்கிய பழைய டிரான்ஸ்ஃபார்மர் வெல்டிங் செட் இருக்கிறது. எடை 90 கிலோ. கொட்டகையை விட்டு வெளியே எடுக்கவே முடியவில்லை. டிராக்டர் கலப்பையைத்தான் அதன் அருகே கொண்டுவர வேண்டியிருக்கிறது. இதற்கு வண்டி செய்ய முடியுமா?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இதே கேள்வியைக் கிராமக் கூட்டங்களில் பலரும் கேட்டிருக்கிறார்கள். அதனால் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

'வேளாண்மை அலுவலருக்கும் வெல்டிங்குக்கும் என்ன சம்பந்தம்?' என்று நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், மானாவாரி கிராமம் ஒன்றில் புரட்டாசி மழை பெய்து ஓய்ந்திருந்தது. உழவுக்குப் போன விவசாயியின் கலப்பையில் கொழு பிடிக்கும் கால் முறிந்துவிட்டது. பட்டறை இருந்தது டவுனில். அங்கே கூட்டம். வேலை முடிந்து வர மூன்று நாளாயிற்று. அதற்குள் மேல் ஈரம் காய்ந்துவிட்டது. அடுத்த மழைக்குக் காத்திருந்து விதைத்தார். பருவம் தள்ளிப்போனதில் உளுந்து சரியாகக் காய்க்கவில்லை. இத்தனைக்கும் பக்கத்து வீட்டிலேயே ஒரு வெல்டிங் செட் இருந்தது. தூக்கி வர ஆள் இல்லை என்பதுதான் காரணம். ஆள் கிடைத்தாலும், கம்பில் கட்டித் தோளில் தூக்கும்போது வழுக்கிக் கால்மேல் போட்டுக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நான் செய்த தவறு

முதல் வண்டியை என் யோசனைப்படிதான் செய்தோம். காயலான் கடையில் வாங்கிய இரண்டு மொபட் சக்கரங்களை, சட்டத்தின் இரு பக்கமும் 12 மி.மீ. கம்பியில் மாட்டினோம். கம்பியை உள்பக்கம் மட்டும் பற்ற வைத்திருந்தோம். வெளிப்பக்கம் பிடிமானம் இல்லை. செட்டை ஏற்றி வாய்க்கால் தாண்டியதும் கம்பி வளைந்து, சக்கரங்கள் இரண்டும் மாட்டின் கொம்புபோல் விரிந்துவிட்டன.

காரணம் எளிது. மொபட்டில் சக்கரத்தை இரண்டு பக்கமும் ஃபோர்க் பிடித்திருக்கிறது. நாங்கள் ஒரு பக்கம் மட்டும் பிடித்தோம். ஒன்று, இரண்டு பக்கமும் தாங்கல் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கம்பியைத் தடிமனாக்க வேண்டும். 12 மி.மீ. கம்பிக்குப் பதில் 20 மி.மீ. போட்டால், வளையாமல் தாங்கும் பலம் நாலரை மடங்குக்கு மேல் கூடும். ஆனால், மொபட் சக்கரத்தின் பேரிங் துளையில் அந்தத் தடிமன் நுழையாது. எனவே, இரண்டு பக்கத் தாங்கல்தான் நல்ல வழி.

என்னென்ன வேண்டும்?

* 40 x 40 x 5 மி.மீ. இரும்பு ஆங்கிள் - ஒரு முழு நீளம் (6 மீட்டர்). மீட்டருக்கு 3 கிலோ வீதம் 18 கிலோ வரும்
* 25 x 5 மி.மீ. பட்டை - 4 மீட்டர். மீட்டருக்கு 1 கிலோ
* 1 அங்குல இரும்புக் குழாய் - 2.75 மீட்டர்
* 50 x 6 மி.மீ. பட்டை - அச்சுத் தாங்கலுக்கு நான்கு சிறு துண்டுகள்
* 16 அங்குல மொபட் சக்கரம் - 2. அவற்றின் பேரிங் துளைக்குப் பொருந்தும் அச்சுக் கம்பி, நட்டு, புஷ்

இரும்பு கிலோ கணக்கில்தான் விற்பனையாகிறது. எடை தெரிந்தால் செலவை வீட்டிலேயே கணக்குப் போட்டுவிடலாம். ஆங்கிளை டேப் வைத்து அளந்து வாங்குங்கள். குழாய் வாங்கும்போது துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் வேண்டாம். அதைப் பற்றவைக்கும்போது வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவு குளிர்காய்ச்சல் வரும். கறுப்புக் குழாயே போதும்.

சட்டம் கட்டும் முறை

ஆங்கிளை 90 செ.மீ. இரண்டு, 74 செ.மீ. இரண்டு, 89 செ.மீ. இரண்டு, 44 செ.மீ. இரண்டு என்று வெட்டுங்கள். மொத்தம் 594 செ.மீ. வெட்டுச் சேதாரம் போக ஒரு நீளத்திலேயே முடிந்துவிடும். 90, 74 துண்டுகளைக் கொண்டு 90 x 75 செ.மீ. வெளிச்சட்டம். அதற்குள்ளே 89 செ.மீ. துண்டுகளை, 45 செ.மீ. இடைவெளியில் நீளவாக்கில் வையுங்கள். 44 செ.மீ. துண்டுகள் அவற்றுக்கு இடையே குறுக்குச் சட்டம். மடிப்பு இடிக்கும் இடங்களில் கிரைண்டரால் சிறிது வெட்டிவிடுங்கள்.

இப்போது நடுவில் செட் உட்காரும் மேடையும், இரு ஓரங்களிலும் சக்கரம் சுழலும் பள்ளமும் கிடைத்துவிட்டன. உள்சட்டத்தின் படுக்கை மடிப்பு மேடைப் பக்கம் இருக்க வேண்டும். சக்கரப் பக்கம் நீட்டக் கூடாது.

முதலில் எல்லா மூலைகளிலும் சிறு புள்ளியாக மட்டும் பற்றவையுங்கள். பிறகு குறுக்கும் நெடுக்குமாக மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். இரண்டும் சுமார் 117 செ.மீ. இருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் சுத்தியலால் தட்டிச் சரிசெய்துவிட்டு, அதன்பிறகு முழு வெல்டிங் வையுங்கள். ஒரே மூலையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும். எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றிப் பற்றவைப்பது நல்லது.

மேடையில் 25 மி.மீ. பட்டைகளை இடைவெளி விட்டுக் குறுக்கே வையுங்கள். முழுத் தகடு போட்டால் எடையும் கூடும். செட்டின் அடியில் காற்றோட்டமும் இருக்காது.

அச்சு எங்கே வர வேண்டும்?

வண்டி இழுக்கச் சுலபமாக இருக்குமா என்பது இதில்தான் இருக்கிறது. சட்டத்தின் முன் விளிம்பிலிருந்து 37 செ.மீ. தூரத்தில் அச்சுத் தாங்கல்களை, ஒவ்வொரு சக்கரத்துக்கும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்றாகப் பற்றவையுங்கள். நான்கு துளைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க, நீளமான கம்பி ஒன்றை நான்கிலும் கோத்துவைத்துப் பற்றவைப்பது எளிய வழி. சக்கரத்தின் இரு பக்கமும் புஷ் போட்டு நகராமல் செய்யுங்கள். பஞ்சர் ஆனால் நட்டைக் கழற்றி அச்சை உருவும்படி இருக்கட்டும்.

கைப்பிடிக்கு 75 செ.மீ. குழாய் இரண்டு. பின் விளிம்பிலிருந்து 45 செ.மீ. பின்னோக்கியும், 60 செ.மீ. மேல்நோக்கியும் சாய்ந்து நிற்கும்படி வைத்தால் இடுப்பு உயரத்துக்கு வரும். இரண்டையும் 45 செ.மீ. குறுக்குக் குழாயால் இணைத்து, அடியில் மிச்சமுள்ள பட்டையால் முட்டுக் கொடுங்கள். பின் மூலைகளில் இரண்டு கால்கள். சக்கரத்தில் காற்றடித்து, சமதளத்தில் சட்டத்தை மட்டமாக நிறுத்தி, கால் உயரத்தை அளந்து வெட்டுங்கள். கால்களின் அடியில் உள்ளங்கை அகலத் தகடு வைத்தால் ஈர மண்ணில் இறங்காது.

அச்சிலிருந்து கைப்பிடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர். 100 கிலோ சுமையின் நடுப்பகுதி அச்சுக்குப் பின்னால் 10 செ.மீ. தள்ளி இருந்தால், கைப்பிடியைத் தூக்க 10 கிலோ விசை போதும். அதுவே 30 செ.மீ. தள்ளி இருந்தால் 30 கிலோ தூக்க வேண்டும். சுமை அச்சுக்கு முன்னால் போனாலோ, வண்டி முன்பக்கம் குடைசாயும். சரியான இடத்தைக் கண்டதும், செட்டின் நான்கு பக்கமும் சிறு ஆங்கிள் துண்டுகள் வைத்து, மேலே ஒரு பெல்ட்டால் கட்டிவிடுங்கள்.

உடனே செட்டை ஏற்ற வேண்டாம். முதலில் 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை மூன்றை ஏற்றி, மேடுபள்ளத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். அச்சு வளையவில்லை, வெல்டிங்கில் விரிசல் இல்லை என்றால், பிறகு ரெட் ஆக்சைடு அடித்து பெயின்ட் பூசலாம்.

கேபிளுக்கும் ராடுக்கும் இடம்

வெல்டிங் கேபிளுக்கு ஒரு பக்கமும், மின்சாரம் வரும் வயருக்கு மறுபக்கமும் கொக்கி வையுங்கள். வேலை செய்யும்போது கேபிளைச் சுருளாகவே விடாமல் முழுவதும் பிரித்துவிடுங்கள்; சுருளாக இருந்தால் சூடேறும். ராடு ஈரம் பட்டால் வெல்டிங்கில் துளை விழும். 40 செ.மீ. பி.வி.சி. குழாயில் இரு பக்கமும் மூடி போட்டு, அதில் ராடுகளை வைத்துச் சட்டத்தில் கட்டிவிட்டால் மழைக்காலத்திலும் கெடாது.

உயிர் முக்கியம்

வண்டி வந்துவிட்டால் செட் எங்கும் போகும். ஆபத்தும் கூடவே போகும். தோல் உரிந்த வயரை ஈர வாய்க்காலில் இழுத்துக்கொண்டு போய், ஷாக் அடித்து மயிரிழையில் தப்பியவர் எனக்குத் தெரிந்தவர். கீழ்க்கண்டவற்றை வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்.

* வண்டியை நகர்த்தும் முன் மின் இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். செட்டின் உடலுக்கு எர்த் கட்டாயம்.
* ஈரத் தரையிலும் வெறுங்காலோடும் பற்றவைக்கக் கூடாது. காய்ந்த தோல் கையுறை, ரப்பர் அடி செருப்பாவது வேண்டும்; ஷூ என்றால் இன்னும் நல்லது.
* வைக்கோல் போர், கரும்புத் தோகை, டீசல் கேனிலிருந்து 35 அடியாவது தள்ளி இருங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.
* டிராக்டரில் பற்றவைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்ப்பை வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டுங்கள். தூரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கும்.
* குழந்தைகள் வேடிக்கை பார்க்கக் கூடாது. அந்த வெளிச்சம் கண்ணைப் புண்ணாக்கும்.

இன்னொன்று. பம்புசெட்டுக்கான இலவச மின் இணைப்பில் வெல்டிங் செட்டை மாட்டாதீர்கள். ஒரு பயன்பாட்டுக்குக் கொடுத்த இணைப்பை வேறொன்றுக்குப் பயன்படுத்துவது 2003 ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி தவறு, அபராதம் வரும். எந்த இணைப்பில் போடலாம் என்பதை உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வண்டி வரப்பில் போகாது. வண்டிப்பாதை இருக்கும் இடம் வரைக்கும்தான் போகும். அது போதும். உளுந்து காய்க்காமல் போன அந்த விவசாயியும், செட் வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து இப்படியொரு வண்டி செய்துகொண்டார்கள். இரும்புச் செலவு ஒருவருடையது, செட் மற்றவருடையது. அடுத்த புரட்டாசியிலும் கலப்பைக் கால் முறிந்தது. மத்தியானம் முறிந்த கால், பொழுது சாய்வதற்குள் மறுபடி மண்ணில் இறங்கியது. ஈரம் காய்வதற்குள் விதைப்பு முடிந்தது.