பட்ரே சிறுவர்களின் ரத்தம் சொன்னது

ரமணாசிரமம் அருகே வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பௌர்ணமி கிரிவலத்தன்று கொதிக்கக் கொதிக்க டீயைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுக்கிறார்கள். இது குழந்தைப் பேற்றைக் கெடுக்குமாமே? 2045-ல் ஆண்களுக்கு விந்தணுவே இருக்காது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?"

முதலில் அந்த 2045. மேலை நாட்டு ஆண்களின் விந்தணுச் செறிவு 1973-க்கும் 2011-க்கும் இடையில் பாதிக்கும் கீழே போனதாக 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. பழைய ஆய்வுகளைத் திரட்டிப் போட்ட கணக்கு அது. ஏன் குறைந்தது என்று அது ஆராயவில்லை. அந்த இறங்குகோட்டை ஸ்கேல் வைத்து நீட்டினால் 2045 வாக்கில் பூஜ்யம் வரும். உடல் ஸ்கேல் போட்ட கோட்டில் நடப்பதில்லை. அந்தச் செய்தியை அழித்துவிடலாம்.

ஆனால் ஹார்மோன்களைக் குலைக்கும் ரசாயனங்கள் உண்டு என்பது வதந்தி அல்ல. அண்டை மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில், அரசு முந்திரித் தோட்டங்களின் மேல் 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். தோட்டத்துக்குக் கீழேதான் ஓடையும் கிணறும் வீடும். 2000-த்தில் தெளிப்பு நின்றது. பிறகு அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்திலிருந்து ஹபீபுல்லா சையத் குழுவினர் பட்ரே கிராமத்துக்கு வந்தார்கள். அங்கே 117 சிறுவர்களையும், தெளிப்பு எட்டாத இன்னொரு கிராமத்தில் 90 சிறுவர்களையும் பரிசோதித்தார்கள். 2003-ல் முடிவு வெளியானது. பட்ரே சிறுவர்களின் ரத்தத்தில் எண்டோசல்பான் கூடுதல், பருவமடைதல் தாமதம், வயதுக்கேற்ற டெஸ்டோஸ்டிரோன் இல்லை.

இத்துடன் நின்றிருந்தால் நானும் சந்தேகப்பட்டிருப்பேன். சத்துக்குறைவான பிள்ளைகளும் தாமதமாகத்தான் பருவமடைவார்கள். ஆனால் அந்த ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத எண். எல்.எச். என்ற ஹார்மோன் அந்தச் சிறுவர்களுக்குக் கூடியிருந்தது.

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி எல்.எச்.-ஐ அனுப்பும், அது விந்தகத்துக்குப் போய் 'டெஸ்டோஸ்டிரோன் சுர' என்று சொல்லும். டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு ஏறியதும் மூளை எல்.எச்.-ஐக் குறைத்துக்கொள்ளும். மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு சென்சார் வைத்த மோட்டார் மாதிரி. தொட்டி குறைந்தால் சென்சார் மோட்டாருக்குக் கரண்ட் விடும், நிறைந்தால் நிறுத்தும். தொட்டி காலி, கரண்டும் வரவில்லை என்றால் கோளாறு சென்சாரில். சத்துக்குறைவு பெரும்பாலும் அங்கேதான் கைவைக்கும். இரண்டு ஹார்மோனும் சேர்ந்தே இறங்கும். தொட்டி குறைவு, கரண்டோ விடாமல் ஓடுகிறது என்றால்? மோட்டாரையோ போர்வெல்லையோதான் கழற்றிப் பார்க்க வேண்டும். பட்ரேயில் தெரிந்தது இது. மூளை கேட்டுக்கொண்டே இருக்கிறது, விந்தகத்தால் கொடுக்க முடியவில்லை. எண்டோசல்பான் கொடுத்த எலிகளிலும் விந்தகமே அடிபட்டது. இரண்டே ரத்த அளவுகளை அருகருகே வைத்துப் பழுது எந்தப் பக்கம் என்று காட்டியதுதான் இந்த ஆய்வின் அழகு. ஒரே ஒரு கிராமம், சில நூறு சிறுவர்கள் என்ற குறை உண்டு. ஆய்வு வெளியான இதழிலேயே விமர்சனக் கடிதங்களும் வந்தன. 2011-ல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானுக்குத் தடை போட்டது.

பிளாஸ்டிக்குக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. பிஸ்பீனால்-ஏ என்ற ரசாயனம் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்கிறது என்று லண்டனில் டாட்ஸ் என்ற ஆய்வாளர் 1936-லேயே சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் அதை வைத்துப் பிளாஸ்டிக் செய்யத் தொடங்கினார்கள்.

இனி டீக்கு வருவோம். மெல்லிய கவர் பெரும்பாலும் பாலிதீன். அதில் பிஸ்பீனால்-ஏ சேர்மானம் கிடையாது. அது கெட்டியான பாலிகார்பனேட் பாட்டிலிலும் டின்களின் உட்பூச்சிலும் இருப்பது. ஆனாலும் எந்தப் பிளாஸ்டிக்கிலும் கூட்டுப்பொருள்கள் உண்டு, சூடும் எண்ணெயும் அவற்றை வேகமாக இளக்கும். ஒரு கவர் டீயிலிருந்து மலட்டுத்தன்மைக்கு நேர்க்கோடு யாரும் போட்டுக் காட்டியதில்லை. அதற்காகக் கொதிக்கும் டீயைப் பாலிதீனில் ஊற்றவும் தேவையில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அந்தக் கவருக்கே தடை. வீட்டிலிருந்து எவர்சில்வர் தூக்கு கொண்டு போங்கள்.

இந்தப் பீதியை வைத்து நடக்கும் வியாபாரம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. 'ஆண்மை குறைகிறதா?' என்று கேட்டு டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் ஜெல்லும் விற்கிறார்கள். லாரித் தண்ணீரை வாங்கித் தொட்டியில் கொட்டினால் சென்சார் மோட்டாரை நிறுத்திவிடும். உடலிலும் அதுவே நடக்கும்: வெளியிலிருந்து ஹார்மோன் ஏறியதும் மூளை எல்.எச்.-ஐ நிறுத்தும், விந்தகம் தனக்குள் சுரப்பதை நிறுத்தும், விந்தணு உற்பத்தி விழும். குழந்தை வேண்டும் என்று போகிறவர்கள் டெஸ்டோஸ்டிரோன் அளவை மட்டும் பார்த்து ஊசி போட்டுக்கொள்ளாமல், எல்.எச். எவ்வளவு என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.