ஓபானன் கேட்ட கணக்கு

1995-ஆம் ஆண்டு ஏப்ரல் 3 அன்று இரவு, சியாட்டில் நகரின் கிங்டோம் அரங்கில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் இறுதிப் போட்டி நடந்தது. லாஸ் ஏஞ்சலீஸின் யுசிஎல்ஏ அணி, முந்தைய ஆண்டின் சாம்பியனான ஆர்கன்சா அணியை 89-78 என்ற கணக்கில் வென்றது. யுசிஎல்ஏ அணியின் முக்கிய ஆட்டக்காரர் டையஸ் எட்னி, மணிக்கட்டுக் காயத்தால் தொடக்கத்திலேயே வெளியேற நேர்ந்தது. அணியைத் தாங்கியவர் 31-ஆம் எண் சட்டை அணிந்திருந்த இடக்கை ஆட்டக்காரர் எட் ஓபானன். அன்று அவர் 30 புள்ளிகள் குவித்தார். வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை 17 முறை கைப்பற்றினார். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது. ஜான் வுடன் என்ற மாபெரும் பயிற்சியாளர் 1975-இல் 10-ஆவது பட்டத்துடன் ஓய்வுபெற்ற பிறகு, இருபது ஆண்டுகள் காத்திருந்து யுசிஎல்ஏ பெற்ற பட்டம் அது.

அந்த இடத்துக்கு ஓபானன் எளிதாக வந்துவிடவில்லை. 1990-இல், கல்லூரியின் முதல் பருவம் தொடங்குவதற்கு முன்பே, பொழுதுபோக்காக ஆடிய ஓர் ஆட்டத்தில் அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்தது. இறந்தவர் ஒருவரின் உடலிலிருந்து பெற்ற திசுவைக்கொண்டு அதைச் சீரமைத்தார்கள். ஓராண்டு முழுவதும் ஆட்டமில்லை. இனி அவர் ஆடவே முடியாது என்று பலர் கருதிய நிலையிலிருந்து மீண்டு, நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான விருதைப் பெறும் அளவுக்கு உயர்ந்தார்.

அதன் பிறகு இறங்குமுகம். 1995-இல் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்பிஏ-வின் தேர்வில் நியூஜெர்சி அணி அவரை 9-ஆவது வீரராக எடுத்தது. இரண்டே பருவங்கள், ஆட்டத்துக்குச் சராசரியாக 5 புள்ளிகள். பின்னர் இத்தாலி, ஸ்பெயின், கிரீஸ், அர்ஜென்டினா, போலந்து என்று நாடு நாடாகச் சென்று ஆடினார். ஓய்வுபெற்ற பின் லாஸ் வேகஸ் பகுதியில் கார் விற்பனை நிலையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். இதில் இரக்கப்பட ஏதுமில்லை. தம் வேலையை அவர் விரும்பியே செய்தார்.

ஒருநாள் நண்பர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, நண்பரின் மகன் கல்லூரிக் கூடைப்பந்து வீடியோ கேம் ஒன்றை ஆடிக்கொண்டிருந்தான். திரையில் 1995-ஆம் ஆண்டின் யுசிஎல்ஏ அணி. அதில் மொட்டைத்தலையுடன், அதே உயரத்தில், அதே நிறத்தில், இடக்கையால் பந்தெறியும் 31-ஆம் எண் உருவம். பெயர் மட்டும் இல்லை. முதலில் ஓபானனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இந்த விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கினோம், அதில் உனக்கு ஒரு காசுகூடக் கிடைக்கவில்லையே என்று நண்பர் சொன்ன பிறகுதான் விஷயம் உறைத்தது. 2009 ஜூலையில், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ மீது அவர் வழக்குத் தொடுத்தார்.

இந்த வழக்கின் கனத்தை உணர, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு ஒரு பெருந்தொழில் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். மார்ச் மாதம் நடக்கும் கூடைப்பந்துத் தொடரின் ஒளிபரப்பு உரிமைக்காக சிபிஎஸ் தொலைக்காட்சி 1991 முதல் ஏழு ஆண்டுகளுக்கு 100 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ஓபானன் ஆடிய காலம் அதுதான். 2010-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் இந்தத் தொகை 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலராக வளர்ந்தது. பயிற்சியாளர்கள் கோடிகளில் ஊதியம் பெற்றார்கள். காலணி நிறுவனங்கள் ஆதாயம் கண்டன. ஆடியவர்களுக்குக் கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, புத்தகம். அதற்கு மேல் எதையும் பெற்றால் ஆடும் தகுதியே பறிபோகும்.

இந்த ஏற்பாட்டைத் தாங்கி நின்றது ‘மாணவ விளையாட்டு வீரர்’ என்ற சொல். அது தானாக முளைத்த சொல் அன்று. 1950-களில், கொலராடோ மாநிலத்தில் கல்லூரிக் கால்பந்தாட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்த ஒருவரின் மனைவி, தொழிலாளர் இழப்பீடு கோரி வழக்காடினார். விளையாட்டு வீரர் கல்லூரியின் ஊழியர் என்று நீதிமன்றங்கள் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சம் என்சிஏஏ-வைப் பிடித்துக்கொண்டது. அதன் தலைமை நிர்வாகியான வால்டர் பயர்ஸும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய கவசமே அந்தச் சொல். கொலராடோ உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை மறுத்தது, சொல் நிலைத்துவிட்டது. 1951 முதல் 1987 வரை பதவியிலிருந்த பயர்ஸ், ஓய்வுபெற்ற பிறகு எழுதிய நூலில், தாம் கட்டியெழுப்பிய அமைப்பையே கடுமையாகச் சாடினார். காலம் கடந்த ஞானோதயம்தான். அந்த நூல் வெளிவந்ததும் ஓபானன் பட்டம் வென்ற அதே 1995-இல்.

இலவசக் கல்வி சிறிய விஷயமா என்ற கேள்வி நியாயமானதே. அது சிறிய விஷயமன்று. ஆனால், ஓபானன் தம் சாட்சியத்தில் சொன்ன கணக்கையும் பார்க்க வேண்டும்: வாரத்துக்கு 40 முதல் 45 மணி நேரம் கூடைப்பந்துக்கு, ஏறக்குறைய 12 மணி நேரம் படிப்புக்கு. மாணவர் வேடமிட்ட விளையாட்டு வீரனாகவே தாம் இருந்ததாக அவர் கூறினார். உதவித்தொகையையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்ற விதி 1973 முதல் இருந்தது. பயிற்சியாளரின் மனம் கோணினால், அடுத்த ஆண்டு படிப்புக்கு உத்தரவாதமில்லை.

என்சிஏஏ-வின் வாதங்களிலேயே மிகப் பலவீனமானது, திறமையானவர்கள் பிறகு தொழில்முறை ஆட்டத்தில் சம்பாதித்துக்கொள்வார்கள் என்பது. கல்லூரி ஆட்டக்காரர்களில் மிகச் சிலரே என்பிஏ-வை எட்டுகிறார்கள். எட்டிய ஓபானனுக்கும் அவருடைய ஆட்டத்தின் உச்சவிலை சியாட்டிலில் அந்த ஓர் இரவில்தான் இருந்தது. பலருக்கும் கல்லூரிக் காலமே முழுத் தொழில்வாழ்க்கை. விலைபேச அனுமதி கிடைக்கும்போது விற்பதற்குச் சரக்கு இருப்பதில்லை.

2014 ஜூனில் ஆக்லாந்து நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. தனிப்பட்ட இழப்பீட்டுக் கோரிக்கைகளை வாதிகள் முன்னரே கைவிட்டிருந்தார்கள். விதியை மாற்ற வேண்டும் என்பது மட்டுமே மிச்சமிருந்த கோரிக்கை. அந்த ஆகஸ்டில் நீதிபதி கிளாடியா வில்கன் அளித்த தீர்ப்பு, போட்டியாளர்களான கல்லூரிகள் ஒன்றுகூடி, ஆட்டக்காரருக்கு இதற்குமேல் தரமாட்டோம் என்று உடன்பாடு செய்துகொள்வது ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு எதிரானது என்றது. வேறெந்தத் தொழிலிலும் இதைக் கூட்டுச்சதி என்றே அழைத்திருப்பார்கள். ஆண்டுக்கு 5,000 டாலர்வரை அறக்கட்டளைக் கணக்கில் சேர்த்துவைக்கலாம் என்றும் அவர் அனுமதித்தார். 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டமீறலை உறுதிசெய்தாலும், அந்த 5,000 டாலரை நீக்கிவிட்டது. மறு ஆண்டில் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது.

பாதி வெற்றிதான். ஆனால், சுவரில் விழுந்த விரிசல் நிற்கவில்லை. 2021 ஜூன் 21 அன்று, ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்சிஏஏ-வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். பத்தே நாள்களில், மாணவர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் கொண்டு பணம் ஈட்டலாம் என்று என்சிஏஏ விதியைத் தளர்த்தியது. 2025 ஜூனில் அதே வில்கன் ஒப்புதல் அளித்த சமரசத்தின்படி, முதலாண்டில் ஒவ்வொரு கல்லூரியும் ஏறத்தாழ 2.05 கோடி டாலர்வரை வீரர்களுடன் நேரடியாகப் பகிர்ந்துகொள்ளலாம். பழைய பாக்கியாக ஏறத்தாழ 280 கோடி டாலர். அது 2016 முதல் ஆடியவர்களுக்கு. ஓபானனின் தலைமுறைக்கு அதில் பங்கில்லை.

பணம் வந்ததும் ஆட்டக்காரர்கள் கல்லூரிவிட்டுக் கல்லூரி தாவுகிறார்கள், பணக்காரக் கல்லூரிகளே கோலோச்சுகின்றன, மகளிர் அணிகளுக்கு உரிய பங்கு கிடைக்குமா தெரியவில்லை என்ற கவலைகள் இப்போது எழுகின்றன. கடைசிக் கவலை உண்மையானது. அதற்கு இன்னும் விடையில்லை. மற்றவற்றைச் சொல்பவர்களில் பலர், கூடுதல் ஊதியம் தேடிக் கல்லூரி மாறிய பயிற்சியாளர்களைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட்டவர்கள் அல்லர்.

ஓபானனிடம் ரசிகர்களில் ஒரு பகுதியினருக்கு வேறொரு கோபம் இருந்தது. அவருடைய வழக்கால் கல்லூரிக் கால்பந்து வீடியோ கேம் 2013-க்குப் பிறகு வெளிவரவில்லை. எங்கள் விளையாட்டைக் கெடுத்தவர் என்று பல ஆண்டுகள் அவரைத் திட்டினார்கள். 2024 ஜூலையில் அது மீண்டும் விற்பனைக்கு வந்தது. இம்முறை உருவங்களுக்கு உண்மையான பெயரும் முகமும் இருந்தன. சம்மதித்த ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் 600 டாலரும், அந்த வீடியோ கேமின் ஒரு பிரதியும் தரப்பட்டன. சம்மதிக்காதவர்கள் அதில் இடம்பெறவில்லை.