தேம்ஸ் நதிக்கரைப் பாதை

இங்கிலாந்து தேசத்தின் தேம்ஸ் நதியைப் பற்றிப் பூகோளப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்நதி பிறக்கும் இடத்திலிருந்து இலண்டன் மாநகரம் வரையில் கரையோரமாக நடந்தே செல்லப் பாதை ஒன்று உண்டு. அது எவ்வாறு தோன்றியது, எவ்வாறு அழியும் நிலையை அடைந்தது, எவ்வாறு பிழைத்தது என்பதை இன்று ஆராய்வோம்.

பாதையின் நீளம் ஏறக்குறைய 185 மைல். கெம்பிள் என்னும் கிராமத்தின் அருகே, ஒரு புல்வெளியில், நதியின் பிறப்பிடத்தைக் குறிக்கும் கல் நிற்கிறது. கோடையில் அவ்விடத்தில் நீரே இராது. அங்கே தொடங்கும் பாதை லெச்லேட், ஆக்ஸ்போர்டு, ஹென்லி, வின்ட்சர் முதலிய ஊர்களைக் கடக்கிறது. 1215-ஆம் ஆண்டில் ஜான் மன்னன் உரிமைச் சாசனத்துக்கு இசைந்த ரன்னிமீட் வெளியையும் கடந்து, இலண்டனின் கீழ்ப்பகுதியாகிய வுல்விச்சை அடைகிறது. நாள்தோறும் பதின்மூன்று மைல் நடப்பவருக்கு இரண்டு வாரம் பிடிக்கும்.

லெச்லேடுக்குக் கீழே இப்பாதையின் பெரும்பகுதி உல்லாச நடைக்காக ஏற்பட்டதன்று. சரக்குப் படகுகளை நீரோட்டத்துக்கு எதிராகக் கயிறு கட்டி இழுத்த ஆட்களும் குதிரைகளும் நடந்த தடமே அது. மாலையானால் ஆளுக்கு உணவும் குதிரைக்கு லாயமும் வேண்டுமல்லவா? ஆகவே பாலங்களின் அருகிலும் ஓடத்துறைகளிலும் விடுதிகள் எழுந்தன. ஆங்கிலேயர் 'பப்' என்று சுருக்கமாக அழைப்பது இவற்றைத்தான். பியர் விற்பனையே இவற்றின் முதல் தொழில். ஆயினும் உணவும் தேநீரும் குளிர்காயக் கணப்பும், சிலவற்றில் படுக்கையும் கிடைப்பதால், மதுவைத் தொடாதவரும் தயக்கமின்றி நுழைகின்றனர். எழுத்தறிந்தோர் குறைவாயிருந்த காலத்தில் வாயிற்பலகையில் தீட்டிய படமே விடுதிக்குப் பெயர். அன்னம், நங்கூரம், மீன் ஆகியவை இக்கரையில் அடிக்கடி காணும் பெயர்கள். நியூபிரிட்ஜ் என்னும் இடத்தில் கரைக்கொன்றாக இரண்டு விடுதிகள் எதிரெதிரே நிற்கின்றன. அவற்றை இணைக்கும் 'புதுப்பால'மோ 13-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருப்புப்பாதை வந்தது. படகு வாணிகம் நலிந்தது. இழுவைப் பாதை கரை மாறும் இடங்களில் குதிரைகளை அக்கரை சேர்த்த ஓடங்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஓடம் நின்ற இடத்தில் பாதையும் அறுந்தது. மௌல்ஸ்போர்டில் இன்றும் நடப்பவர் நதியை விட்டு விலகி, ஊர்த்தெரு வழியே சுற்றிச் செல்ல வேண்டியிருக்கிறது.

பாதை முற்றிலும் மறையாமல் காத்தவை இரண்டு: சட்டமும் மக்களின் கால்களும். பொதுமக்கள் ஒரு வழியை உரிமையோடு, தடையின்றி, 20 ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தினால், நிலத்துக்குரியவர் அக்காலத்தில் மறுத்திருந்தாலன்றி, அது பொதுவழியாகவே கருதப்படும் என்று 1932-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அவ்விதி 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்திலும் நிலைபெற்றது. நெடுந்தூர நடைபாதைகளை அமைக்க 1949-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தந்தது. தேம்ஸ் பாதைக்காக ஆர்வலர் பல்லாண்டுகள் மன்றாடினர். 1989-இல் ஹர்லி கிராமத்தின் அருகே, பழைய ஓடத்துறை ஒன்றில் நடைபாலம் அமைந்தது. 1996-இல் பாதை முழுவதும் தேசிய நடைபாதையாகத் திறக்கப்பட்டது.

இன்று இங்கிலாந்தின் கிராமத்து விடுதிகள் பல மூடப்பட்டு வருகின்றன. ஆற்றங்கரை விடுதிகளுக்கோ, பசியோடு வரும் வழிநடையர் ஓர் ஆதரவு. விடுதி இருப்பதால் நடப்பவர் வருகின்றனர். நடப்பவர் வருவதால் விடுதி நிலைக்கிறது. பாதையின் கதையும் இதுவே. நடப்பார் இல்லையெனில் இரண்டு மழைக்காலங்களில் முட்செடி மூடிவிடும். மூடிய வழிக்கு உரிமை கேட்பாரும் அருகிவிடுவர். சட்டம் ஒரு வழியை ஏட்டில் காக்கலாம். தரையில் அதைக் காப்பவர் அதன் மீது நடப்பவரே. மாணவர்களே, பொது உரிமை எதுவாயினும் அது வழக்கத்தில் இருக்கும் வரையில்தான் உயிரோடிருக்கும் என்பதை இப்பாதையிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.