மண்வெட்டியில் தட்டுப்படும் ரவைகள்

2009இல் போர் முடிந்தபின் ஊர் திரும்பிக் காணி துப்புரவாக்குபவர்களின் மண்வெட்டி நுனியில் இன்றைக்கும் மஞ்சளாய் ஏதாவது மின்னுகிறது. மிதிவெடியைப் பற்றி எல்லோருக்கும் சொல்லியாயிற்று. இந்தச் சின்ன ரவையைத்தான் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. நாங்கள் போன வன்னிக் கிராமமொன்றில் சிறுவன் ஒருவன் வெற்றுக் கோதை விசிலாக ஊதிக்கொண்டு திரிந்தான். காற்சட்டைப் பையில் இன்னும் மூன்று வைத்திருந்தான். அதில் ஒன்று வெற்றுக் கோது அல்ல.

கைத்துப்பாக்கிக்கும் சிறிய காபைன்களுக்கும் பயன்படும் ரவைகளில் உலகெங்கும் பரவியது 9 மில்லிமீற்றர் ரவை. 1902இல் ஜேர்மனியில் உருவானது. முழு நீளமே ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர்தான். பித்தளைக் கோது, அதனுள் வெடிமருந்து, மேலே ஈயச் சன்னம். கோதின் அடியில், சரி நடுவில், சிறிய வட்டமாக ஒரு கிண்ணம் பதிந்திருக்கும். அடிபட்டால் பொறி கக்கும் மருந்து அதற்குள்ளேதான் உண்டு. துப்பாக்கியின் ஊசி அந்த நடுவில் குத்த, பொறி உள்ளே பாய்ந்து வெடிமருந்தைப் பற்றவைக்கிறது. எழும் வாயு சன்னத்தைத் தள்ளுகிறது.

நடுவில் குழி விழுந்திருந்தால் அது வெடித்து முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது பிழை. மேலே சன்னம் இருந்தால், குழி இருந்தாலும் அது வெடிக்காத ரவைதான். பாசி பிடித்துப் பச்சையாய்க் கிடந்தாலும் நம்பக்கூடாது. கோது இறுக்கமாய் மூடியிருந்தால் உள்ளே மருந்து பல வருடம் ஈரமின்றிக் கிடக்கும்.

எங்களுக்கு அதிகம் பயம் தருவது குப்பைக்கு நெருப்பு வைப்பதுதான். துப்பாக்கிக் குழல் இல்லாததால் சூட்டில் வெடிக்கும் ரவையின் சன்னம் வேகமாய்ப் போகாது. ஆனால் கோது கிழிந்து பித்தளைத் துண்டுகள் தெறிக்கும். ஒரு கண்ணைப் பறிக்க அது போதும். பித்தளைக்காகச் சுத்தியலால் தட்டுவதும் அப்படித்தான்.

அனுமதியின்றி ரவை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். அதனால்தான் சிலர் யாருக்கும் சொல்லாமல் இரவோடிரவாகக் கிணற்றில் போடுகிறார்கள். விசாரணை என்ற பயம் எங்களுக்கு விளங்காமலில்லை. ஆனால் நாளைக்குக் கிணறு இறைக்க இறங்குபவன் அதைத்தான் மிதிப்பான்.

கண்டால் தொடவேண்டாம், பையில் போட்டுப் பொலிசுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். கொத்துவதை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பக்கத்தில் வேறு வெடிபொருளும் கிடக்கலாம். ஆகையால் வந்த அடிச்சுவட்டிலேயே திரும்புங்கள். பாதுகாப்பான தூரத்தில் தடியொன்றில் சிவப்புத் துணி கட்டி வையுங்கள். பிறகு இரண்டு மூன்று பேராகப் போய் விதானையாரிடமோ, மிதிவெடி அகற்றும் பிரிவினரிடமோ சொல்லுங்கள். தனியே போவதைவிட அது பயத்தையும் குறைக்கும்.

போன வருடம் துப்புரவாக்கிய துண்டுதானே என்று விட்டுவிடாதீர்கள். மாரி மழை மண்ணைக் கழுவியபின் அதே வரம்போரம் புதிதாய்த் தெரியக்கூடும்.