தன்பாலீர்ப்புள்ள எங்கள் பிள்ளைகளும் போதைப்பழக்கமும்

நான் கணக்காளர். வைத்தியரோ உளவளத்துணையாளரோ அல்ல. இருந்தும் இதை எழுதுவதற்குக் காரணம், நான் ஒருவருக்குச் சொன்ன பிழையான புத்திமதி.

சில வருடங்களுக்கு முன், வரிப் பத்திரம் நிரப்பும் காலத்தில், ஊரில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் ஸ்காபரோவில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். கொண்டுவந்த கோப்பைத் திறக்கவில்லை. மகனுக்கு 24 வயது, கடன் அட்டைகள் எல்லாம் நிரம்பிவிட்டன, வேலைக்கு ஒழுங்காகப் போவதில்லை, கிறிஸ்டல் மெத் பாவிக்கிறான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவன் அப்பிடியான ஆளாம் மச்சான். பெடியளிலைதான் விருப்பமாம். அதாலைதான் இந்தப் பழக்கமும் வந்தது" என்றார். நான் மறுக்கவில்லை. "ஒரு கலியாணத்தைச் செய்து வை, எல்லாம் சரிவரும்" என்றேன். அதன்பிறகு இந்த விடயத்தைத் தேடி வாசிக்கத் தொடங்கியபோதுதான், நாங்கள் இருவருமே காரணத்தைத் தலைகீழாக வைத்திருந்தோம் என்பது விளங்கியது.

முதலில் இலக்கங்கள். அமெரிக்காவில் போதைப் பாவனை பற்றி ஆண்டுதோறும் நடக்கும் தேசியக் கணக்கெடுப்பில், ஒருவர் யாரால் ஈர்க்கப்படுகிறார் என்ற கேள்வி 2015இல்தான் முதல்தடவை சேர்க்கப்பட்டது. முந்திய ஒரு வருடத்துக்குள் ஏதாவது சட்டவிரோதப் போதைப்பொருள் பாவித்ததாகச் சொன்னவர்கள், தன்பாலீர்ப்பு அல்லது இருபாலீர்ப்பு உள்ள வளர்ந்தோரில் 39.1 வீதம், மற்றவர்களில் 17.1 வீதம். கஞ்சாவும் இதற்குள் அடக்கம். இரண்டு மடங்குக்கும் மேல் என்பது உண்மை. பத்தில் ஆறு பேர் தொடவே இல்லை என்பதும் அதே இலக்கத்துக்குள்தான் இருக்கிறது. ஆகவே இது பிறப்போடு ஒட்டிவந்த குணம் என்று சொல்ல முடியாது.

அப்படியென்றால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? கணக்கியல் படித்தவர்களுக்குத் தொங்கல் கணக்கு ஞாபகம் இருக்கும். பரீட்சை மீதி சமப்படாவிட்டால் வித்தியாசத்தை அதற்குள் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். பிழை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். "அவை அப்பிடித்தான்" என்று சொல்வதும் அந்த மாதிரித்தான்.

ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும் விளக்கத்துக்குச் சிறுபான்மை அழுத்தம் என்று பெயர். இலன் மேயர் என்ற ஆய்வாளர் 2003இல் அதை விரிவாக எழுதினார். எல்லோருக்கும் உள்ள கவலைகளுக்கு மேலாக, ஒதுக்கப்படும் கூட்டத்தைச் சேர்ந்தவருக்கு இன்னொரு சுமை இருக்கிறது என்கிறார். நேரே நடக்கும் அவமானமும் அடியும் ஒரு பகுதி. இன்றைக்கு நடக்குமோ என்று எதிர்பார்த்துக்கொண்டே இருப்பது இன்னொரு பகுதி. தன்னை மறைப்பது, மற்றவர்கள் சொல்லும் இழிவைத் தானே நம்பத் தொடங்குவது என்று அது உள்ளே போகிறது. நாள் முழுக்க விழிப்பாக இருக்கும் உடம்பு, ஒரு மணித்தியாலமாவது அந்த விழிப்பை அணைத்துவைக்க ஏதாவது தேடும். மதுவும் போதையும் அதை உடனே செய்துகொடுக்கின்றன.

1983 யூலையில் கொழும்பில் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. பொட்டை அழித்துவிட்டு பஸ் ஏறியவர்களும், வாளிக்குரிய சிங்களச் சொல்லைத் தமிழ் வாடை இல்லாமல் சொல்லிப் பழகியவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். அடி விழாத நாளிலும் களைப்பு வந்தது. எங்களுக்கு ஒரு ஆறுதல் இருந்தது: வீட்டுக் கதவைப் பூட்டினால் உள்ளே எல்லோரும் எங்கள் ஆட்கள். தன்பாலீர்ப்புள்ள பிள்ளை சாப்பாட்டு மேசையிலேயே மறைக்கிறது. நண்பனின் பெயரை மாற்றிச் சொல்லுகிறது, தொலைபேசியைத் துடைத்து வைக்கிறது, சித்தப்பா ஒரு பகிடி விட்டால் தானும் சேர்ந்து சிரிக்கிறது. பத்துப் பதினைந்து வருடம் இப்படிப் போகிறது.

வெளியிலும் இவர்களுக்கு இடம் கிடைத்தது பெரும்பாலும் போத்தலுக்குப் பக்கத்தில்தான். நியூயோர்க்கில் 1960களில் இவர்களுக்கு மது பரிமாறினால் உரிமம் போய்விடும் என்று மதுச்சாலைகள் பயந்தன. அதை எதிர்த்து 1966 ஏப்ரலில் சிலர் ஒரு மதுச்சாலைக்குப் போய், நாங்கள் தன்பாலீர்ப்பாளர்கள், எங்களுக்குக் குடிக்கத் தாருங்கள் என்று கேட்டார்கள். 1969இல் கலகம் வெடித்த ஸ்டோன்வால், மாஃபியாக் கும்பல் நடத்திய மதுச்சாலை. எங்கள் ரொறன்ரோவிலேயே 1981 பெப்ரவரி 5 இரவு பொலிஸார் குளியல் விடுதிகளில் புகுந்து சுமார் 300 ஆண்களைக் கைதுசெய்தார்கள். வாசிகசாலையிலோ கோயில் வீதியிலோ சந்திக்க முடியாதவர்கள் இருட்டில் சந்தித்தார்கள். அந்த இடங்களில் குடிவகை இருந்தது. வியாபாரிகளும் கவனித்தார்கள். 1990களில் ஆர்.ஜே. ரெனோல்ட்ஸ் சிகரட் கம்பெனி சான் பிரான்சிஸ்கோவில் இவர்களையும் வீடற்றவர்களையும் குறிவைத்துப் போட்ட திட்டத்தின் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால், ஆங்கிலத்தில் 'கசடு' என்று பொருள்படும் சொல் வரும். தங்கள் வாடிக்கையாளரைப் பற்றி அவர்கள் வைத்திருந்த மதிப்பு அதுதான்.

இன்று கைபேசிச் செயலிகள் வந்துவிட்டன. கிறிஸ்டல் மெத்தும் ஜிஎச்பியும் சில கூட்டங்களில் சர்வசாதாரணம். வெட்கத்தையும் பயத்தையும் சில மணித்தியாலம் கழற்றி வைப்பதுதான் அவற்றின் கவர்ச்சி. பெண்பிள்ளைகளை நாம் மறந்துவிடுகிறோம். தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உள்ள பெண்களுக்கும் மற்றப் பெண்களுக்கும் இடையில் குடியில் தெரியும் இடைவெளி, ஆண்களிடம் தெரிவதைவிடப் பெரியது.

எங்களையே எடுத்துக்கொள்ளுவோம். நாங்கள் வந்த புதிதில் ஒரு பேஸ்மென்றில் ஆறேழு பேர். வெள்ளி இரவு வந்தால் போத்தல் திறக்கும். சிலருக்கு அது பிறகு ஒவ்வொரு இரவுமானது. ஒருவர் ஈரல் கெட்டு இறந்தார். தமிழன் என்றபடியால்தான் குடிக்கிறான் என்று நாங்கள் எவரும் சொல்லவில்லை. "பாவம், குடும்பம் அங்கை, தனிச்சுப் போனான்" என்றோம். காரணத்தைச் சரியாகத்தான் கண்டோம்.

இனி வீடு. சான் பிரான்சிஸ்கோவில் கெய்ற்லின் றயனும் குழுவினரும் 21 முதல் 25 வயதுவரையான 224 பேரிடம், பதின்ம வயதில் வீட்டில் எப்படி நடத்தினார்கள் என்று விசாரித்து 2009இல் வெளியிட்டார்கள். வீட்டார் கடுமையாக நிராகரித்த பிள்ளைகள், நிராகரிப்புக் குறைந்த வீட்டுப் பிள்ளைகளைவிட 3.4 மடங்கு கூடுதலாகப் போதைப்பொருள் பாவித்திருந்தார்கள். தற்கொலைக்கு முயன்றது 8.4 மடங்கு. அதில் தமிழர் இல்லை. வெள்ளையரும் லத்தீன் அமெரிக்க வழியினரும்தான். ஆனால் நிராகரிப்பு என்று அவர்கள் கணக்கெடுத்தவற்றை வாசித்தபோது எனக்கு எங்கள் வீடுகள் தெரிந்தன. அடித்துத் துரத்துவது மட்டுமல்ல. நண்பர்களைச் சந்திக்கவிடாமல் தடுப்பது, குடும்ப நிகழ்வுக்குக் கூப்பிடாமல் விடுவது, வெளியில் சொல்லாதே என்று வாயை அடைப்பது எல்லாம் அதற்குள் வருகின்றன. ஏற்றுக்கொண்ட வீடுகளில் போதைப் பாவனை குறைவு என்று அதே குழு 2010இல் எழுதியது.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவரின் பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் 'சிகிச்சை' 2022 யனவரி முதல் கனடாவில் குற்றம். அதற்காகப் பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதும் குற்றம். ஊருக்குக் கொண்டுபோய்ச் சாமியாரிடம் காட்டுவோம் என்று யோசிப்பவர்கள் கவனிக்கவும். அங்கே 1883ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவையின் 365ஏ பிரிவு வேறு இருக்கிறது.

பாவனை ஏற்கனவே தொடங்கிவிட்ட வீடுகளுக்கு: இங்கே தெருவில் வரும் போதையில் ஃபென்ரனில் கலந்திருக்கலாம். அதை முறிக்கும் நலொக்சோன் மருந்து ஒன்ராறியோவில் பல மருந்துக் கடைகளில் இலவசம். மெத்துக்கு அது வேலை செய்யாது. கலந்திருக்கும் ஃபென்ரனிலுக்குச் செய்யும். பிள்ளை மயங்கி விழுந்தால் பொலிஸ் வரும் என்று பயந்து 911ஐ அழைக்காமல் இருக்காதீர்கள். 2017இல் வந்த சட்டத்தின்படி, அழைத்தவர்மீதும் அங்கே இருப்பவர்கள்மீதும் தன் பாவனைக்கு வைத்திருந்ததற்காக வழக்குப் போட முடியாது.

நல்ல காலம், நண்பர் வீட்டில் என் புத்திமதி எடுபடவில்லை. "இன்னொரு வீட்டுப் பிள்ளையின்ர வாழ்க்கையையும் கெடுக்கவோ?" என்று அவர் மனைவி கேட்டாராம். மகன் ஒரு வருடம் வெளியே இருந்தான். தாய் ஞாயிற்றுக்கிழமைகளில் புட்டும் கறியும் கொண்டுபோனார். பிறகு தகப்பனும் காரை விட்டு இறங்கத் தொடங்கினார். சிகிச்சைக்குப் போனான், இடையில் விட்டான், திரும்பவும் போனான்.

இந்த முறை வரிக்கு வந்தபோது நண்பர் சிகிச்சை நிலையத்தின் பற்றுச்சீட்டை நீட்டி, "இதைக் கழிக்கலாமோ?" என்று கேட்டார். மருத்துவச் செலவில் கழிக்கலாம், ஆனால் இந்தச் சிகிச்சை தேவை என்று வைத்தியர் எழுதித் தந்த கடிதம் வேண்டும் என்றேன். அடுத்த நாள் கடிதத்தை மகன்தான் கொண்டுவந்து தந்தான்.