நாய்த்தீனிப் பையைத் திருப்பிப் பாருங்கள்

பிஸ்கட்டில் புழு இருந்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். நாய்க்கு வாங்கிய தீனியில் பூசணம் இருந்தால் அங்கே போய்ப் பயனில்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், உணவு எது என்று வரையறுக்கும் இடத்திலேயே விலங்குத் தீவனத்தை விலக்கிவிட்டது. செல்லப் பிராணி உணவுக்கென்று ஐ.எஸ். 11968 என்ற இந்தியத் தரநிலை இருக்கத்தான் செய்கிறது. கடையில் அடுக்கியிருக்கும் பைகளில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள், கண்ணில் படுவது அபூர்வம். ஆக, வாங்குபவருக்கு மிஞ்சுவது பையில் அச்சிட்ட விவரமும் கையில் வாங்கிய பில்லும்தான்.

அந்த இரண்டுமே இல்லாமல் போவது லூசில் வாங்கும்போது. இருபது கிலோ மூட்டையைப் பிரித்து, பாலித்தீன் கவரில் கிலோ கிலோவாகக் கட்டி விற்பது நம் ஊரில் சாதாரணம். குட்டி சாப்பிடுமோ சாப்பிடாதோ, முதலில் அரைக் கிலோ போதும் என்று நினைப்பதில் தப்பில்லை. அதற்குச் சின்ன பாக்கெட் வாங்கலாம். கவரில் தேதி கிடையாது, பேட்ச் எண் கிடையாது, தயாரித்தவர் யாரென்றும் தெரியாது. பிரித்த மூட்டை நம் ஊர்ப் புழுக்கத்தில் கிடந்தால் கொழுப்பு காறிப்போகும், பூசணமும் பிடிக்கும். மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு போன்ற பொருள்களில் வளரும் ஒருவகைப் பூசணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நாயின் கல்லீரலைத் தாக்கும் நஞ்சு. வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. பூசணம் கண்ணுக்குத் தெரியாதபோதும் நஞ்சு இருக்கலாம். அமெரிக்காவில் 2020 டிசம்பரில் ஸ்போர்ட்மிக்ஸ் என்ற நாய்த்தீனியை இந்த நஞ்சுக்காகத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த மாதத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்ட செல்லப் பிராணிகள் இறந்ததாக அந்நாட்டு அரசுக்குத் தகவல் போனது. எந்தப் பையைத் தூக்கி எறிவது என்று அங்கே மக்களுக்குத் தெரிந்தது, பையில் தேதியும் குறியீடும் இருந்ததால்.

பையின் முன்பக்கத்துக் கோழிப் படத்தை நம்பாதீர்கள். பின்பக்கத்தில் மூலப்பொருள்கள் பொதுவாக எடை வரிசையில் இருக்கும். முதலிடத்தில் சோளமோ கோதுமையோ, கடைசியில் ‘சிக்கன் ஃப்ளேவர்’ என்றால் காசு எதற்குப் போகிறது என்று புரிந்துவிடும். புரதச் சதவீதத்தை ஈரப்பதத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பத்து சதவீத ஈரமும் 24 சதவீதப் புரதமும் உள்ள உலர் தீனியில், ஈரத்தைக் கழித்தால் புரதம் சுமார் 27 சதவீதம். எண்பது சதவீத ஈரமுள்ள டின் உணவில் எட்டு சதவீதம்தான் போட்டிருக்கும். அதே கணக்கில் அது நாற்பது! அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு, ஈரம் நீக்கிய கணக்கில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதமும் குட்டிக்கு 22.5 சதவீதமும் புரதம் வேண்டும் என்கிறது. எந்த வயதுக்கு முழுமையான உணவு என்று பையில் இல்லாவிட்டால், அதை நொறுக்குத்தீனியாக மட்டும் கொடுங்கள். லாப்ரடார் போன்ற பெரிய இனக் குட்டி முழுமையான உணவே சாப்பிடும்போது கால்சியம் சிரப்பையும் ஊற்றுவது எலும்பைக் கெடுக்கும். செல்லம் கொடுப்பவர்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள்.

வீட்டுச் சாப்பாடு கூடாது என்பதில்லை. தினமும் தயிர்சோறு மட்டும் போட்டால் புரதமும் தாதுச்சத்தும் போதாது; முட்டையோ வேகவைத்த கோழியோ சேரட்டும், என்னென்ன எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெங்காயமும் பூண்டும் போட்ட குழம்பு, உலர்திராட்சை விழுந்த பாயசம், சாக்லேட், வெந்த கோழி எலும்பு எதுவும் வேண்டாம்.

விலைக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா, தயாரித்த மாதமோ முகவரியோ இல்லையா? பொட்டலப் பொருள்கள் விதிகளின்படி அது குற்றம். தமிழகத்தில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. மாவட்டத்தில் உள்ள உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு எழுதலாம்.

தீனியால்தான் நாய்க்கு வாந்தி, மஞ்சள் காமாலை என்று சந்தேகம் வந்தால் உடனே நிறுத்துங்கள். மீதியைக் கொட்டிவிடாமல் அதே பையில் இறுகக் கட்டி வையுங்கள். பேட்ச் எண்ணைப் படம் எடுங்கள். மருத்துவச் சீட்டு, ரத்தப் பரிசோதனை அறிக்கை எல்லாம் எழுத்தில் வேண்டும். இறந்துவிட்டால், மனம் கேட்காதுதான், புதைக்கும் முன் அரசு கால்நடை மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். அது இல்லாமல் காரணத்தை நிரூபிப்பது மிகக் கடினம்.

பிறகு நிறுவனத்துக்கு எழுதுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம். பதில் சரியில்லை என்றால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆய்வுச் செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். “அதைக் குடுத்துட்டு வேற பை எடுத்துக்குங்க சார்” என்று கடைக்காரர் சொன்னால், பையைக் கொடுத்துவிடாதீர்கள்.